அலமாரிச் சாவி

“இந்தக் காலத்தில் யார் சார் புத்தகம் படிக்கிறார்கள்?” என்று கேட்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. கலியாண வீட்டில் கேட்கிறார்கள், ரயிலில் கேட்கிறார்கள், கதை எழுதிப் பிழைக்கிற என்னிடமே, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கிறார்கள். கையிலுள்ள செல்போனை உயர்த்திக் காட்டி, “இது வந்தது, அது போயிற்று” என்று தீர்ப்பும் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை. சென்னையில் 1977-ஆம் ஆண்டிலிருந்து புத்தகக் கண்காட்சி நடந்து வருகிறது. இப்போது மாவட்டத் தலைநகரங்களிலும் நடக்கிறது. தோளில் குழந்தையும் கையில் பையுமாகக் கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டு அங்கே புத்தகம் வாங்குகிறவர்கள் யார்? வானத்திலிருந்து குதித்தவர்களா? நம் தெருக்காரர்கள்தாம். கைக்காசைச் செலவழித்துப் புத்தகம் வாங்குகிற அதே மனிதர், சும்மா படிக்கத் தரும் நூல் நிலையத்தின் வாசற்படியை வருஷத்துக்கு ஒரு முறைகூட மிதிப்பதில்லை. ஏன்? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஜனங்கள் மேல் பழியைப் போடுவது சுலபம். ஜனங்கள் எதிர்த்து அறிக்கை விடமாட்டார்கள். ஆனால் என் அபிப்பிராயம் வேறு. நம் நூல் நிலையங்களில் பல, வருகிறவரை விருந்தாளியாக நினைப்பதில்லை. சந்தேகத்துக்கு உரிய ஆசாமியாக நினைக்கின்றன. பையை வெளியே வை, பதிவேட்டில் கையெழுத்துப் போடு, பேசாதே, அலமாரியைத் தொடாதே. இத்தனை கட்டளைகளையும் கேட்டுக்கொண்டு உள்ளே போகிறவன் படிப்பாளி அல்ல, தவசி!

நவம்பர் 14-லிருந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கிராக்கி ஏற்படும். அப்படி ஓர் ஊருக்குப் போயிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கோலப் போட்டி, ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. புத்தகத்தைப் போல் உற்ற நண்பன் உலகத்தில் இல்லை என்று பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் முழங்கினார்கள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய ஒரு பெண், ஏழாவதோ எட்டாவதோ படிப்பாள், கூட்டம் கலைந்த பிறகும் ஒரு கண்ணாடி அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வண்ணப் படம் போட்ட கதைப் புத்தகங்கள்.

“எடுத்துப் பாரேன், அம்மா” என்றேன்.

“பூட்டியிருக்கு, சார்.”

சாவியைப் பற்றி விசாரித்தேன். சாவி வைத்திருப்பவர் அன்று விடுப்பு. அவர் விடுப்பில் இல்லாத நாட்களிலும் அந்த அலமாரியைத் திறப்பதில்லை என்பது அப்புறம் தெரிந்தது. விலை உயர்ந்த புத்தகங்களாம், பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம்!

உற்ற நண்பனைச் சிறையில் வைத்துவிட்டு, அவனைப் பற்றிப் பேசுவதற்குப் பரிசு கொடுக்கிறோம். நூல் நிலையம் ஊரோடு ஒட்டி உறவாட வேண்டும், புதுப்புது வழிகளில் ஜனங்களைக் கவர வேண்டும் என்றெல்லாம் இப்போது அடிக்கடி பேசுகிறார்கள். நல்ல பேச்சுத்தான். ஆனால் அலமாரி பூட்டியிருக்கும் வரையில் கோலப் போட்டியும் வாழைமரமும் வெறும் ஜோடனைதான்.

ஐரோப்பாவில் இடைக்காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு நகரத்துத் தேவாலயத்தில் அந்தச் சங்கிலிப் புத்தகங்களை இன்றைக்கும் பார்க்கலாம். அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது. பதப்படுத்திய தோலில் ஒரு பிரதியைக் கையால் எழுதி முடிக்க எத்தனையோ நாள் பாடுபட வேண்டும், போனால் வராது. அச்சு யந்திரம் வந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. சங்கிலி போயிற்று; சங்கிலிப் புத்தி மட்டும் போகவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சங்கிலியில் கட்டிய புத்தகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவாவது முடிந்தது. நம்முடைய கண்ணாடி அலமாரி அந்த உபகாரத்தைக்கூடச் செய்வதில்லை.

இதை நமக்கு எடுத்துச் சொல்ல வெளிநாட்டிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்து நூலகராக நியமனம் பெற்றார். வேலையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பழைய வகுப்பறைக்கே ஓடிவிட நினைத்தார். பிறகு லண்டனுக்குப் போனார். நூலகப் படிப்பைப் படித்தார். அங்கே பொது நூல் நிலையங்கள் எல்லாத் தரத்து ஜனங்களுக்கும் எப்படி உதவுகின்றன என்பதைக் கண்ணால் பார்த்தார். திரும்பி வந்தவர் வேறு மனிதர். பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்கள் தாங்களே அலமாரியண்டை போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்று செய்தார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். நூலகப் படிப்புப் படிக்கிற மாணவன் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த ஐந்தையும் படிக்காமல் தேறமாட்டான். அவற்றில் முதல் விதி என்ன தெரியுமா? புத்தகம் இருப்பது பிறர் உபயோகிப்பதற்காக. அவ்வளவுதான். காப்பாற்றுவதற்காக அல்ல, கணக்குக் காட்டுவதற்காக அல்ல.

நாம் என்ன செய்தோம்? ஆகஸ்டு 12-ஆம் தேதியை அவர் பெயரால் நூலகர் தினமாக்கினோம். படத்தை மாட்டி மாலை போட்டோம். பெரியவர்களை மறப்பதற்கு நம் நாட்டில் அதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது.

நூலகர்களைத் திட்டுவதற்காக நான் இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். ஊர்ப்புற நூலகர்களில் பலர் நெடுங்காலம் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளியவர்கள். கூட்டுவதும் அவர்தான், தபால் எழுதுவதும் அவர்தான், மின்விசிறி ஓடாவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவர்தான். அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் சொன்னார்: “சார், ஆயிரம் பேர் வந்து படித்தால் என்னை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பத்துப் புத்தகம் குறைந்தால் கேட்பார்கள்.”

நோயின் மூலம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கொடுத்தவனுக்குப் பரிசு இல்லை. தொலைத்தவனுக்குத் தண்டனை உண்டு. இந்த நிலைமையில் புத்திசாலி என்ன செய்வான்? பூட்டுவான். நானாக இருந்தாலும் பூட்டுவேன். ஆகவே பூட்டைப் போட்டது நூலகருடைய கை என்றாலும், பூட்டச் சொன்னது நம் தணிக்கை முறை.

“அப்படியானால் தொலைந்தால் பரவாயில்லை என்கிறீரா?” என்று கேட்பார்கள். ஆம், ஓர் அளவுக்குப் பரவாயில்லை என்கிறேன். இது ஏதோ கதாசிரியனுடைய தாராளம் அல்ல. சட்டதிட்டங்களுக்குப் பேர்போன மத்திய அரசே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளைப் புரட்டிப் பாருங்கள். வாசகர்கள் எடுத்துப் புழங்கிய புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து வீதம் ஓர் ஆண்டில் தொலைந்து போவது நியாயமான நஷ்டம் என்று ஒரு விதி இருக்கிறது. மோசடியோ அசட்டையோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் போனால் விசாரித்தே தீரவேண்டும். நிபந்தனை இவ்வளவுதான். இந்த விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. அலமாரியில் அடுக்கியிருக்கும் புத்தகத்துக்கு அல்ல கணக்கு. கைமாறிய புத்தகத்துக்குக் கணக்கு. அதிகமாகக் கொடுத்தவனுக்கு அதிகச் சலுகை. பூட்டி வைத்தவனுக்கு ஒன்றும் இல்லை. இதை எழுதிய அதிகாரி யாரோ, ரங்கநாதனைப் புரிந்துகொண்டவர். மத்திய அரசின் அலுவலகங்களுக்கு எழுதிய இந்த விவேகம் கிராமத்து நூலகரின் மேஜை வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஜனங்களை நம்பினால் மோசம் போவோம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பொது நூலகம், புத்தகத்தைத் தாமதமாகத் திருப்புகிறவர்களிடம் வசூலித்த அபராதத்தை 2019-ல் அடியோடு எடுத்துவிட்டது. இனி எவன் திருப்பித் தரப்போகிறான் என்று உலகம் சொல்லியிருக்கும். நடந்தது நேர்மாறு. அபராதத்துக்குப் பயந்து வீட்டில் ஒளிந்திருந்த புத்தகங்கள் சில வாரங்களுக்குள் சாரிசாரியாகத் திரும்பி வந்தன. புத்தகத்தோடு வாசகர்களும் வந்தார்கள். திருட்டுப் புத்தி அல்ல, பயமும் வெட்கமுமே அவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன.

இன்னும் ஒன்று கேட்கிறேன். பத்து வருஷமாக ஒருவரும் தொடாமல் பூச்சி அரித்துக் கிடக்கிற புத்தகத்தைத் தணிக்கைக்காரர் ‘இருப்பு’ என்று எழுதிக்கொள்கிறார். நூறு பேர் படித்து, முதுகு கிழிந்து, கடைசியில் யார் வீட்டிலோ தங்கிப்போன புத்தகத்தை ‘இழப்பு’ என்று எழுதுகிறார். எது இருப்பு, எது இழப்பு? தொலைந்த புத்தகத்துக்குப் பதிவேடு வைத்திருக்கிறோம். தொலைந்த வாசகருக்குப் பதிவேடு உண்டா? வந்து, பார்த்து, முகம் சுளித்துத் திரும்பிப் போனவர்களை எந்தத் தணிக்கையில் எழுதுகிறோம்?

ரங்கநாதன் விதிகளை வெளியிட்ட அதே 1931-ல் தஞ்சை ஜில்லாவில் ஒரு காரியம் நடந்தது. மன்னார்குடியில் எஸ். வி. கனகசபை பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நடமாடும் நூல் நிலையம்! வண்டியில் போகிற புத்தகம் மழையில் நனையும்; புழுதி படியும்; ஏர் பிடித்த கை பட்டு அழுக்காகும். இதையெல்லாம் கணக்குப் பார்த்திருந்தால் அந்த வண்டி கொட்டகையை விட்டே புறப்பட்டிருக்காது. உற்சாகமும் ஒரு ஜோடி மாடும் இருந்தால் போதும், நூல் நிலையம் ஊரைத் தேடிப் போகலாம் என்று அவர் காட்டினார். இன்றைக்கு நம்மிடம் ஜீப் இருக்கிறது, வான் இருக்கிறது.

நான்கு வருஷத்துக்குப் பிறகு, 1935-ல், அமெரிக்காவில் கென்டக்கி மலைப் பிரதேசத்தில் இதே மாதிரி ஒரு முயற்சி தொடங்கியது. பஞ்ச காலம் அது. பெரும்பாலும் பெண்கள், குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஓடைகளைக் கடந்து, பாதையில்லாத மலை வீடுகளுக்குப் போனார்கள். 1943 வரைக்கும் போனார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. மலை வீட்டுப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த சமையல் பக்குவங்களையும், ஒட்டுத் துணியில் போர்வை தைக்கும் மாதிரிகளையும் கொடுத்தார்கள். நூலகப் பெண்கள் அவற்றை ஒட்டிச் சேர்த்துப் புத்தகமாக்கி மற்ற வீடுகளுக்கு எடுத்துப் போனார்கள். யோசித்துப் பாருங்கள். நூல் நிலையம் அங்கே ஊருக்குப் புத்தி சொல்ல வரவில்லை; உனக்கு என்ன தெரியும், சொல் என்று கேட்டது. தன் கைப்பக்குவம் புத்தகத்தில் ஏறிய வீட்டில், மறுவாரம் அந்தக் குதிரைக் குளம்படிச் சத்தத்துக்கு எப்படிக் காத்திருப்பார்கள்!

பக்கத்து மலையாள தேசத்தில் பி. என். பணிக்கர் 1945-ல் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். இன்றைக்குக் கேரளத்தில் நூல் நிலையம் என்றால் ஊர்க்காரர்களே கூடி நடத்துவது; பிள்ளைகளுக்கு ஒரு மன்றம், பெண்களுக்கு ஒரு மன்றம். வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கப் பெண்களே இருக்கிறார்கள். நம் ஊரிலும் 2022-ல் அரசாங்கம் ‘நூலக நண்பர்கள்’ என்று ஒரு திட்டம் போட்டது. தொண்டர்கள், நூல் நிலையத்துக்கு வர முடியாத முதியவர்கள் போன்றவர்களின் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது. மனமாரப் பாராட்டுகிறேன். கனகசபை பிள்ளையின் வண்டி தொண்ணூறு வருஷத்துக்கு அப்புறம் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. ஆனால் தொண்டர் கையிலிருந்து ஒரு புத்தகம் தவறினால் யார் பொறுப்பு என்ற பழைய பயத்தை முதலில் போக்க வேண்டும். இல்லையென்றால் நூலகர் நல்ல புத்தகத்தை உள்ளே வைத்துக்கொண்டு நைந்ததைக் கொடுத்தனுப்புவார்.

‘அமைதி காக்கவும்’ பலகையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அமைதி வேண்டியதுதான், ஓர் அறையில், ஒரு மூலையில். ஆனால் நம் நூல் நிலையங்களில் இருப்பது அமைதி அல்ல, ஆளில்லாத நிசப்தம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு பாட்டியைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொன்னால் கட்டிடம் இடிந்துவிடாது. பிள்ளை வந்தால் பின்னாலேயே தாயும் வருவாள். இப்போது பத்திரிகை அறையில் ஒரு பெண் தனியாக நுழைந்தால், பத்துப் பத்திரிகைகள் தாழ்ந்து பத்துத் தலைகள் நிமிர்கின்றன. மறுநாள் அவள் வருவாளா?

பரீட்சைக்குப் படிக்க வரும் இளைஞர்களைப் பற்றிச் சிலருக்குக் கோபம். சர்க்கார் உத்தியோகத் தேர்வுக்குத் தங்கள் சொந்தப் புத்தகத்தையே கொண்டுவந்து, நாள் முழுவதும் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார்களாம். நூல் நிலையத்துப் புத்தகத்தைத் தொடுவதில்லையாம். தொடாவிட்டால் என்ன? ஓர் அறை வீட்டில், தொலைக்காட்சிக்கும் தங்கையின் அழுகைக்கும் நடுவில் படிக்க முடியாதவன் வேறு எங்கே போவான்? நூல் நிலையம் அவனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் கொடுத்தால் அதுவே பெரிய தர்மம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வருகிறவர்களுக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் பெருந்தன்மை. களைத்துப் போய் அவன் எழுந்து நிற்கும் ஒரு மாலையில், பக்கத்தில் அலமாரி திறந்திருந்தால், கை தானாக நீளும். எனக்கு வாசகர்கள் அப்படித்தான் கிடைத்திருக்கிறார்கள்.

“அதுதான் பெரிய பெரிய நூலகங்கள் கட்டியாயிற்றே!” என்பவர்களும் உண்டு. சென்னையில் 2010-ல் ஒன்று. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டும் நமக்குப் பெருமைதான். ஆனால் ஊரில் பெரிய கோயில் இருக்கிறது என்பதற்காக மரத்தடிப் பிள்ளையார் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? பெரிய கோயிலுக்கு நாள் பார்த்துப் போகிறோம். பால்காரனும் பரீட்சைக்குப் போகும் பையனும் தினம் குட்டிக்கொள்வது மரத்தடிப் பிள்ளையாரிடம்தான். ஏன் தெரியுமா? அவர் வழியில் இருக்கிறார். அவருக்குக் கதவு இல்லை. தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூல் நிலையங்கள் இருக்கின்றன. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று அவற்றில் பெரும்பாலானவை மரத்தடிப் பிள்ளையார்களே. அவர்களுக்குக் கதவு போட்டுப் பூட்டியதுதான் நாம் செய்த பிசகு.

நாம் அங்கே போவது யாசகத்துக்கு அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை ராஜதானியில் வந்தது. அதன்படி நூலகத்துக்கென்று தனி வரி உண்டு. இன்றைக்கு நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி சேர்ந்தே போகிறது. சொந்த வீடு இல்லாதவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார். ஆக, அந்தக் கண்ணாடி அலமாரியும் அதற்குள் இருக்கும் புத்தகமும் அந்தப் பூட்டும்கூட நம் காசு.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. ஆயிரத்துக்கு இத்தனை புத்தகம் போனால் நூலகரைக் கேட்கமாட்டோம் என்று எழுத்து மூலமாக உத்தரவு போடுங்கள். அரிய புத்தகங்களைத் தவிர மற்ற அலமாரிகளின் பூட்டுகளைக் கழற்றிவிடுங்கள். தணிக்கைக்கு வருகிறவர், “எத்தனை புத்தகம் குறைந்தது?” என்று கேட்பதற்கு முன்னால், “எத்தனை பேர் புதிதாக வந்தார்கள்?” என்று கேட்கட்டும். வாசகர் வட்டம் என்ற பெயரில் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வதைக் குறைத்து, வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டும். இவற்றுக்குப் பணம் வேண்டாம், நம்பிக்கை வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ‘சரியாகச் சொன்னார்’ என்று தலையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே உங்கள் தெருவுக்குப் பக்கத்திலுள்ள நூல் நிலையத்துக்கு, வீட்டிலிருக்கும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பூட்டிய அலமாரி ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் முன்னால் நின்று, சண்டை போடாமல், மரியாதையாகச் சாவியைக் கேளுங்கள். நூலகர் தயங்குவார், அவர் மேல் கோபப்படாதீர்கள். மறுநாளும் போய்க் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் மேலே எழுதுவார். நூறு பேர் கேட்டால் மேலே இருப்பவர்கள் பதில் எழுதுவார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாததால்தான் இத்தனை காலமும் சாவி யாரோ ஒருவருடைய சட்டைப் பையில் இருந்திருக்கிறது.